டாப்சிலிப் போக சேத்துமடையில் தங்கலாமா?

டாப்சிலிப்பில் யானை பார்க்க எங்கே தங்குவது என்று மாதம் ஒருவராவது இந்த வலைப்பூவுக்கு எழுதிக் கேட்கிறார்கள். பொள்ளாச்சியா, சேத்துமடையா, மலைமேலேயே வனத்துறை விடுதியா? நானும் ஒவ்வொரு முறையும் இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு நழுவிவிடுவேன். முழுசாகச் சொன்னால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும் என்பதுதான் காரணம். போன வாரம் கேட்டவர் புதிதாகக் கல்யாணம் ஆனவராம், மனைவியோடு போகிறாராம். அவருக்காக இந்த முறை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போனது 1995 ஜனவரியில், பொங்கல் கழிந்த அடுத்த வாரம். எனக்குக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அசெம்ப்ளி வேலை. வீடு போத்தனூர். என் மனைவி ஸ்டெல்லா டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இன்னும் இல்லை. டிசம்பரில் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஜனவரி கடைசியில் பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டும், அங்கிருந்து விமானம்.

விசா கையில் வந்த அன்றைக்கு அவள் ஒன்றுதான் கேட்டாள். "ஏனுங்க, போறதுக்குள்ள காட்டுல அதும்பாட்டுக்குத் திரியற ஆனய ஒருக்கா பாத்துப்போடோணுங்க. கோயில் ஆன வேண்டாம்." இன்டர்வியூவில் கோயமுத்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். யானை மலைக்குப் பக்கத்தில் என்று சொல்லிவிட்டாளாம். வெளியே வந்த பிறகுதான், தான் ஒரு காட்டு யானையைக்கூடப் பார்த்ததில்லை என்பது உறைத்திருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அவள் மஸ்கட் போவதை எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் தவிர நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளையும் சொல்ல விடவில்லை. கம்பெனியில் ஒருத்தன் மனைவி துபாய் போனபோது "மணியார்டர் மாப்பிள்ளை" என்று அவனுக்குப் பட்டம் கட்டி, அவன் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஓடும்வரை விடவில்லை. அந்தப் பட்டத்துக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். எனக்கும் அது வந்துவிடுமோ என்று பயம். அவ்வளவுதான், இதற்குமேல் கௌரவமான காரணம் எதுவும் இல்லை.

இனி தங்கும் இடத்துக்கு வருகிறேன். அப்போது மூன்று வழிகள் இருந்தன. முதலாவது பொள்ளாச்சி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் நிறைய, டபுள் ரூம் நூற்று இருபது ரூபாய். அங்கிருந்து டாப்சிலிப் 37 கிலோமீட்டர். காலை 6.15, பகல் 11.15, மதியம் 3.15 என்று மூன்று பஸ்தான், மேலே போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டாவது டாப்சிலிப்பிலேயே இருக்கும் வனத்துறை விடுதிகள். காட்டுக்குள்ளேயே கண் விழிக்கலாம், இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பொள்ளாச்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். நான் விசாரித்தபோது அந்த மாதம் முழுக்க நிரம்பியிருந்தது.

மூன்றாவது சேத்துமடை. மலையடிவாரத்துக் கடைசி ஊர், வனத்துறை செக்போஸ்ட் அங்கேதான். டாப்சிலிப் வெறும் 13 கிலோமீட்டர். லாட்ஜ் ஒன்றும் கிடையாது. ஆனால் என்னோடு அசெம்ப்ளியில் நிற்கும் நடராஜின் அக்கா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார். நான் பொள்ளாச்சி லாட்ஜைப் பற்றி வாய் தவறி அவனிடம் கேட்டுவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"என்றக்கா ஊடு அங்க இருக்கறப்ப நீங்க லாட்ஜுல தங்குவீங்களா? அக்காளுக்குத் தெரிஞ்சா என்னயச் சும்மா உடுமுங்களா?"

அன்று மாலையே போன் போட்டுச் சொல்லியும் விட்டான். நானும் கணக்குப் பார்த்தேன். பொள்ளாச்சியிலிருந்து வரும் முதல் பஸ் ஏழேகாலுக்குச் சேத்துமடைக்கு வருகிறது. லாட்ஜில் தங்கினால் ஐந்து மணிக்கு எழுந்திரிக்க வேண்டும், இங்கே என்றால் ஆறரைக்கு எழுந்தால் போதும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள், சஃபாரி போக நான்கு வாய்ப்பு. காகிதத்தில் பார்த்தால் சேத்துமடையை அடித்துக்கொள்ள ஆளில்லை. காகிதத்தில்.

வெள்ளிக்கிழமை காலை போத்தனூரில் மீட்டர் கேஜ் ரயில் ஏறினோம். கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சிக்கு ஒரு மணி பத்து நிமிடம், ஆளுக்கு ஐந்து ரூபாய். தென்னைக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போகும் அந்த ரயிலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்டெல்லா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பொள்ளாச்சியில் டவுன் பஸ் மாறி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் தாண்டிச் சேத்துமடையில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. எதிரே மலை சுவர் மாதிரி நின்றது.

நடராஜின் அக்கா சரசக்காவும் அவர் கணவர் பழனிச்சாமி அண்ணனும் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார்கள். ஊரை ஒட்டி எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு, நடுவில் ஓட்டு வீடு. "வாங்க தம்பி, வா கண்ணு" என்று பையைப் பிடுங்கிக்கொண்ட அக்கா, அதற்குப் பிறகு மூன்று நாளும் அந்தப் பையை எங்களைத் தூக்கவே விடவில்லை.

3.15க்குப் பொள்ளாச்சியில் கிளம்பி நாலேகாலுக்குச் சேத்துமடைக்கு வரும் மதிய பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம். அவகாசம் இருந்தது. ஆனால் சாப்பாடு இரண்டரைக்குத்தான் இலைக்கு வந்தது. நாட்டுக்கோழி வறுவல், அரிசிம்பருப்புச் சோறு, அதற்கு மேல் நெய், முடிந்தது என்று கையைத் தூக்கும்போது ஒப்புட்டு, அதாவது பருப்புப் போளி. எழுந்து கை கழுவினால், "சித்த படுத்து எந்திரிங்க, காடு எங்க ஓடிப்போகுது" என்றார் அக்கா. படுத்தோம். எழுந்தபோது பஸ் போயிருந்தது.

அதற்கு வருத்தப்படக்கூட நேரமில்லை. பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்தில், அக்காவின் சித்தி வீட்டுக்கு வேட்டைக்காரன்புதூர் போனோம். அங்கே ஒரு சாப்பாடு. அங்கிருந்து சித்தியின் மகள் வீட்டில் காப்பி. எல்லா வீட்டிலும் ஸ்டெல்லாவைத் தனியே அழைத்துப்போய் "விசேசம் ஒண்ணும் இல்லீங்களா அம்மணி?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். டூட்டியில் நோயாளியின் சொந்தக்காரர்களிடம் சிரிக்கிற சிரிப்பு.

சனிக்கிழமை. ஆறு மணிக்கே குளித்துத் தயாராகிவிட்டோம். வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "வெறும் வயித்தோட எந்த ஊட்லீங்க காட்டுக்கு அனுப்புவாங்க? அஞ்சே நிமிசம்."

போய்ப் பார்த்தால் சந்தகை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசியை ஊறவைத்து ஆட்டி, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மரச் சந்தகைப் பலகையில் போட்டு உடம்பின் முழு எடையையும் வைத்து அழுத்திப் பிழிய வேண்டும். இடியாப்பத்துக்கு அண்ணன் மாதிரி. கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் உங்களுக்காகச் சந்தகை பிழிகிறார்கள் என்றால் நீங்கள் மாப்பிள்ளை அந்தஸ்துக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அண்ணன் பனியனோடு பலகைமேல் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தார். அக்கா கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவர் உங்களுக்காக வியர்வை சொட்ட அழுத்திக்கொண்டிருக்கும்போது "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லும் நெஞ்சுரம் எனக்கு இல்லை. தேங்காய்ப்பாலோடு ஒன்று, எள்ளோடு ஒன்று, தக்காளித் தாளிதத்தோடு ஒன்று. மூன்றாவது தட்டு சாப்பிடும்போது பஸ் ஹாரன் கேட்டது. ஸ்டெல்லா தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தேங்காய்ப்பால் கேட்டேன்.

அடுத்த பஸ் பகல் பன்னிரண்டேகாலுக்கு. "உச்சி வெய்யில்ல ஒண்ணும் கண்ல மாட்டாதுங்க தம்பி" என்றார் அண்ணன். அது உண்மைதான், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். மாலைப் பஸ்ஸில் போகலாம் என்று முடிவானது. நடுவில் சும்மா இருந்த நேரத்தில் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். கிணற்று மோட்டாரில் ஒரு சத்தம் வருகிறது, நீங்கள் பம்ப் கம்பெனிக்காரர், காது கொடுத்துக் கேட்டாலே தெரிந்துவிடுமே என்று.

காது கொடுத்தேன். உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. இங்கேதான் என் புத்தி போனது. "கழட்டிப் பாத்தர்லாங்க" என்று நானே சொன்னேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூமில் உட்கார்ந்தவன், அண்ணன் எடுத்துக்கொடுக்கும் ஸ்பேனரும் அவர் பார்க்கும் பார்வையும் கொடுத்த பெருமையில் மணியையே பார்க்கவில்லை. நாலேகால் பஸ் போன சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

பிற்பாடு இதை நிறைய யோசித்திருக்கிறேன். விருந்தோம்பலில் மாட்டிக்கொண்டோம் என்று சொல்வது எளிது. நிஜத்தில், அவளுடைய கடைசி ஆசை என்று ஒன்று நிறைவேறிவிட்டால் அடுத்தது ரயில்தான் என்று எனக்குள் ஒருத்தன் பயந்துகொண்டிருந்தான். அவன்தான் மூன்றாவது தட்டில் தேங்காய்ப்பால் கேட்டவன்.

ஐந்து மணிக்குக் கையெல்லாம் கிரீஸோடு நான் நிமிர்ந்தபோது, சரசக்கா தோப்புக்குள் வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் ஸ்டெல்லா, கண்கள் சிவந்து. இருவரும் வீட்டுக்குப் பின்னால் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்களாம். "நாளைக்கும் இருந்துபோட்டு திங்கக்கெழமை போலாமில்ல கண்ணு, என்ன அவசரம்?" என்று அக்கா கேட்டதும் அவளுக்கு உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஏனுங் தம்பி," என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. "இன்னம் ஒம்பது நாள்ல இந்தப் புள்ள கடல் தாண்டிப் போகுது. ரெண்டு வருசம். இத்தாப் பெரிய சேதிய முழுங்கிப்போட்டு மோட்டாரக் கழட்டிட்டு உக்காந்திருக்கறீங்களே, நீங்கெல்லாம் ஆம்பளைங்களா? மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எதுக்குங்க சித்தி ஊட்டுக்கும் அவிய மக ஊட்டுக்கும் இழுத்துட்டுத் திரியறேன்? நானும் ஏதோ ஒறம்பரையா வந்திருக்கறீங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

உறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாக வந்த சொந்தம். அதற்கு அவசரம் இருக்காது, அவசரப்படுத்தவும் கூடாது. அவர்கள் முறைப்படி எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார்கள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். பழனிச்சாமி அண்ணன்தான், "அதையக் கோத்துக் குடுத்துப்போட்டாவது திட்டு வாங்குங்க தம்பி, வாழைக்குத் தண்ணி கட்டோணும்" என்றார். ஸ்டெல்லாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை எழுந்து பார்த்தால் சமையலறை இருட்டாக இருந்தது. அடுப்பு எரியவில்லை. சரசக்கா கதவுக்குக் குறுக்கே இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னைக்கு உங்களுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கெடையாது. கெளம்புங்க."

அந்த வீட்டில் ஒரு விருந்தாளியை அப்படி அனுப்புவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இப்போது எழுதும்போதும் தெரிகிறது. மூன்று நாளில் அவர் எங்களுக்குச் செய்த பெரிய உபசாரம் அதுதான். அண்ணன் ஏழு மணிக்கே ரோட்டில் போய் நின்றுகொண்டார், நிற்காமல் போய்விட்டால் என்று. பஸ் ஏழு இருபதுக்கு வந்தது. ஆளுக்கு நான்கு ரூபாய் டிக்கெட்.

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மூங்கில் காடு, பிறகு வளைவுகள். முக்கால் மணி நேரத்தில் டாப்சிலிப். புல்வெளியில் பனி இன்னும் விலகவில்லை, புள்ளிமான்கள் ஆடு மாதிரி மேய்ந்துகொண்டிருந்தன. வரவேற்பு அலுவலகத்தில் ஆளுக்கு இருபது ரூபாய் கட்டினால் வனத்துறை வேனில் ஒரு மணி நேரச் சுற்று. பதினாறு பேர் சேர வேண்டும். சேர்ந்தார்கள், எட்டு ஐம்பதுக்கு வண்டி கிளம்பியது. வழிகாட்டி மாரி அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நாங்கள் வெறும் பச்சையைப் பார்க்கும் இடத்தில் அவர் காட்டெருமையைப் பார்த்தார். வெள்ளைக் காலுறை போட்டாற்போல் பதினொரு காட்டெருமைகள், மரத்துக்கு மரம் தாவும் மலையணில், கருமந்தி, ஒரு கடமான். சாலையில் ஆவி பறக்கும் யானைச் சாணி. யானை மட்டும் இல்லை.

வண்டி திரும்பி வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஸ்டெல்லா இறங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரி சொன்னார், "இன்னொரு நாளைக்கு வாங்கம்மா. மார்ச்சுல தண்ணிக்கு எறங்கும், நல்லாப் பாக்கலாம்."

அவள் "சரிங்க" என்றாள். மார்ச்சில் அவள் எங்கே இருப்பாள்? வேன் பக்கத்தில் நின்றவர்களில் இரண்டு பேர் பீளமேடு பக்கத்து பவுண்டரி ஆட்கள், வரும்போதே பேசிப் பழகியிருந்தோம். எங்கள் கம்பெனிக்கு வார்ப்பு அவர்களிடமிருந்துதான் வரும். அவர்களுக்குத் தெரிந்தால் திங்கட்கிழமை மதியத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

"அவங்களால மார்ச்ல வர முடியாதுங்க," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "என் சம்சாரம் மஸ்கட் போறாங்க. நர்ஸ் வேலைக்கு. எழுபது பேருக்கு நடந்த இன்டர்வியூல எடுத்தது நாலு பேரு, அதுல இவங்க ஒருத்தர். போறதுக்கு முன்னாடி ஆன பாக்கோணும்னாங்க. ரெண்டு நாளா நான்தான் கெடுத்துப்போட்டேன். இன்னைக்கு உட்டா ரெண்டு வருசமாயிருமுங்க. எப்படியாச்சும் பண்ணுங்க."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். நாலு பேரில் ஒருத்தி என்று நான் சொல்லி அவள் கேட்டதே இல்லை. வீட்டில்கூட நான் அதைச் சொன்னதில்லை.

மாரி ரேஞ்சரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். வேன் கிடையாது, நடக்க முடியுமா என்றார். இரண்டு மணி நேர நடை, ஐம்பது ரூபாய், வழிகாட்டியோடு மட்டும். பவுண்டரிக்காரர்களில் ஒருவர் தன் பிஸ்கட் பொட்டலத்தை ஸ்டெல்லாவிடம் கொடுத்து, "வெறும் வயித்தோட போகாதீங்க சிஸ்டர்" என்றார். நாங்கள் மூவரும் நடந்தோம். மாரி பேசக் கூடாது என்று சைகை காட்டினார், நாங்களும் பேசவில்லை. ஒன்றே கால் மணி நேரம் நடந்த பிறகு, மூங்கில் ஒடியும் சத்தம். அவர் எங்களைக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஒரு பாறை மறைவுக்குக் கூட்டிப்போனார்.

கீழே சதுப்பு நிலத்தில் ஏழு யானைகள். நூறு நூற்றைம்பது அடி தூரம் இருக்கும். ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டு புல்லைப் பிடுங்கத் தெரியாமல் பிடுங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடம். நான் யானையைக் கொஞ்சம்தான் பார்த்தேன், அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஆலோசனைக்கு வருகிறேன். மேலே விடுதி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் பொள்ளாச்சி லாட்ஜும் முதல் பஸ்ஸும். சேத்துமடையில் தெரிந்தவர் வீடு இருந்தால் அதைவிட நல்லது, ஆனால் எதற்காக வந்திருக்கிறீர்கள், எத்தனை நாள் கையில் இருக்கிறது என்பதைப் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்து மனிதர்கள் நீங்கள் சொல்லாததைக் கேட்க மாட்டார்கள், அது அவர்கள் மரியாதை. காலை, மாலை இரண்டு வேளையும் வைத்துக்கொள்ளுங்கள், உச்சி வெயில் வீண். வேனில் கிடைக்காவிட்டால் வழிகாட்டியோடு நடைக்குக் கேளுங்கள். நான் சொன்ன கட்டணமும் நேரமும் அந்தக் காலத்துடையவை, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடுத்தாதீர்கள், சென்ட் வேண்டாம்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். எதிர்பார்த்த பட்டம் பத்து மணிக்கே வந்தது. ஒரு வாரம் இருந்தது, போய்விட்டது, நான் செத்துப்போகவில்லை. அவள் கிளம்பிய அன்று கோவை ஜங்ஷனில் வண்டி பிற்பகலில். நானும் என் அண்ணனும் அவள் அப்பாவும்தான் இருப்போம் என்று நினைத்திருந்தேன். நடராஜ் அசெம்ப்ளியிலிருந்து ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். சரசக்காவும் பழனிச்சாமி அண்ணனும் முதல் பஸ் பிடித்துச் சேத்துமடையிலிருந்து வந்திருந்தார்கள், கையில் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய ஒப்புட்டு. பவுண்டரிக்காரர்களில் ஒருவரும் வந்திருந்தார், எப்படி நாள் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. வண்டி நகர்ந்தபோது ஸ்டெல்லா ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். பிளாட்பாரத்தில் பதினாறு பேர் கையை ஆட்டினோம். நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருந்தால் மூன்றே பேர்.